கல்லின் வலது ஓரம்

பென்சில் கோடு வலது ஓரத்தில் மட்டும் அழியவே மாட்டேன் என்று நின்றது. நில்லு, நில்லு, எவ்வளவு நேரம் நிற்பாய் என்று பார்க்கிறேன் என்று ஆவுடையம்மா இன்னொரு கை தண்ணீர் அள்ளித் தெளித்து, தீட்டுக்கல்லைக் குப்புற வைத்துத் தேய்த்தாள். புறவாசல் குழாயடியில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தாள். கீழே, சலூனில் கழித்துப்போட்ட தடிக் கண்ணாடி, அதன்மேல் பெயிண்ட் அடிக்கிறவர்கள் சுவர் தேய்க்க வைத்திருப்பார்களே அந்தக் கறுப்பு வாட்டர் பேப்பர், அதன்மேல் கல். இடது நுனியை இடது கை பிடித்திருந்தது, வலது நுனியை வலது கை. முன்னால் தள்ளு, பின்னால் இழு. கத்தி தீட்டத் தீட்டக் கல் குழிந்துபோகும். குழிந்த கல்லில் தீட்டினால் கத்தியின் வாய் ஒரு சீராக வராது. அதனால் அவ்வப்போது கல்லையே தேய்த்து மட்டம் பண்ணவேண்டும், அவ்வளவுதான் சங்கதி. கல் முகத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் பென்சிலால் கோடு கிழித்துக்கொண்டு தேய்த்தால் மேட்டில் கோடு முதலில் போகும், பள்ளத்தில் கடைசிவரைக்கும் நிற்கும். எல்லாக் கோடும் போய்விட்டால் கல் மட்டம். கல்யாணமாகி வந்த புதிதில், புருஷன் சொர்ணலிங்கம் சலூனுக்குப் போனபிறகு கை சும்மா இருக்கமாட்டாமல் அவளாக எடுத்துக்கொண்ட வேலை இது. தீட்டுவது அவர், மட்டம் பண்ணுவது இவள். இன்றுவரைக்கும் அவரை இதில் கைவைக்க விட்டதில்லை. பள்ளம் எப்போதும் நடுவில்தான் விழும். நடுவில் விழுந்தால் தீட்டுகிற கை நல்ல கை. இன்றைக்கு நடுவெல்லாம் பளிச்சென்று இருக்க, வலது ஓரத்தில் நாலு விரல் அகலத்துக்குக் கோடு அப்படியே கிடந்தது. போன தடவையும் அங்கேதான் கொஞ்சம் நின்றது, அதற்கு முந்தியும். அப்போதெல்லாம் பார்த்தும் பாராத மாதிரி இருந்துவிட்டாள். ஏ சாஸ்தாவே, இன்றைக்குப் பார்த்தா இவ்வளவு தெளிவாகக் காட்டவேண்டும்? நாளைக்குக் காலையில் பேத்திக்கு மொட்டை.

சலூனில் மடக்குக்கத்திக்கு வேலையே கிடையாது. அங்கே பிளேடுதான், ஆளுக்கொன்று, முடிந்தால் குப்பைக்கூடை. கத்தி பெட்டியைவிட்டு வெளியே வருவது சொந்தத்தில் ஒரு பிள்ளைக்கு முதல் மொட்டை என்றால்தான். சாஸ்தா கோயிலில் மாமன் மடியில் பிள்ளை உட்காரும். கத்தி சொர்ணலிங்கம் கையில், தலை ஆவுடையம்மா கையில். ஆவுடை பிடித்தால்தான் நான் கத்தி வைப்பேன், இல்லையென்றால் ஆளை விடுங்கள் என்று அந்த மனுஷன் சொந்தம் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார். சும்மா சொல்லக்கூடாது, அவளுக்கும் அதில் பெருமை பிடிபடாது. எப்பேர்ப்பட்ட அலறுவாய்ப் பிள்ளையும் அவளுடைய இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் தலையைக் கொடுத்ததும் அடங்கிவிடும், என்ன மந்திரமோ என்று பெற்றவளே வாயைப் பிளப்பாள். மிதுனாவும் அடங்குவாள். இப்போது முன்னறையில் என்னத்தையோ போட்டுத் தட்டிக்கொண்டு கெக்கெக்கே என்று சிரிக்கிறாளே, அந்த வாலு. அவள் உச்சிக்குழி இன்னும் மூடவில்லை. காலையில் எண்ணெய் தேய்க்கும்போது விரலுக்கடியில் அது டுப்டுப்பென்று அடித்தது. அந்த இடத்துக்குக் கத்தி வரும்போது சொர்ணலிங்கம் மூச்சை நிறுத்திக்கொள்வார், இவளும் நிறுத்திக்கொள்வாள். அந்த நேரத்தில் அவர் வலது கை ஒரு நூல், ஒரே ஒரு நூல் சாய்ந்தால்? ஐயோ, நினைக்காதே. நினைக்காதே என்றால் மனசு கேட்கிறதா, அதையேதான் நினைக்கிறது. அணைஞ்சபெருமாள் அத்தானுக்குக் கை சாய்ந்தது ஒரு கல்யாண வீட்டில். அத்தான் என்றால் சொர்ணலிங்கத்தின் கூடப்பிறந்த அண்ணன், கடையநல்லூரில் கடை வைத்திருந்தவர், கத்தி பிடித்தால் அண்ணனா தம்பியா என்று ஊர் பேசின கை. மாப்பிள்ளைச் சவரம். தாடையில் கத்தி ஓடிக்கொண்டே வந்தது, சட்டென்று ஒரு வெட்டு வெட்டி நின்றது. பட்டு வேட்டியில் ரத்தம். அந்த மாப்பிள்ளை பிளாஸ்திரியோடுதான் தாலி கட்டினான். பெண்வீட்டார் அபசகுனம் என்று குதித்தார்கள். அத்தான் ஒரு மூலையில் கையை மடிக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம் டாக்டர், நரம்பு, மாத்திரை, கை மரம்போல ஆனது, அது ஒரு பெரிய கதை. அவர் பெண்சாதி செண்பகவல்லி அக்கா இவளிடம் தனியாகச் சொன்னாள், "டாக்டருக்கு முந்தி கல்லு சொல்லிச்சு ஆவுடை. நடுவுல குழியுத கல்லு ஒரு ஓரமாக் குழிஞ்சுது. நாந்தான் என்னமோன்னு விட்டுட்டேன்." கை சொன்னபடி கேட்டால் பாரம் கல் முழுக்கப் பரவும், கேட்காவிட்டால் ஒரு பக்கமாகச் சாயும். அக்கா அன்றைக்கு அழவில்லை. விட்டுட்டேன், விட்டுட்டேன் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் விடமாட்டேன் என்று ஆவுடையம்மா கல்லை அழுத்தினாள். விடாமல் என்ன செய்வாய் என்று கல் கேட்டது. கல்லாவது கேட்கவாவது, எல்லாம் இவள் மனசுதான். இரண்டு மாதமாக அவரைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறாள். காப்பித் தம்ளரை இடது கையில் வாங்குகிறார். கேட்டால் வலது கையில் பேப்பர் இருக்குல்லா என்கிறார். இருக்கத்தான் செய்தது. சட்டைப் பித்தானை மேலேயிருந்து போடாமல் கீழேயிருந்து போடுகிறார். எப்போதுமே அப்படித்தானோ, இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியும் அதைக் கவனித்ததில்லையே. போன வாரம் சீப்பு கீழே விழுந்தது. சீப்பு யார் கையிலிருந்துதான் விழாது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் ஒன்றுமில்லை, சேர்த்துப் பார்த்தால் அத்தானின் கைதான் தெரிகிறது. அவருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்துகொண்டே மறைக்கிறார், என்னிடம், என்னிடமே. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. வந்தால் சொல்லவேண்டியதுதானே, நான் என்ன அந்நியமா, ஊரைக் கூட்டி ஒப்பாரி வைத்துவிடுவேனா. இந்த நினைப்பிலேயே கிடந்தால் வேறு வேலை எப்படி ஓடும், நேற்றுப் பருப்பு அடிப்பிடித்துக் கரிந்தே போனது. அடுப்புக்குப் பக்கத்தில்தான் நின்றாள், வாசனை தெரியவில்லை. மகள் பொன்செல்வி முன்னறையிலிருந்து மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து, "யம்மா, மூக்கு இருக்கா உனக்கு?" என்று சத்தம் போட்டாள். சளி, வேறென்ன. பொன்செல்விக்கு எதற்கெடுத்தாலும் சத்தம்தான். நீ பேசுவதே கேட்கவில்லை, கிணற்றுக்குள்ளே இருந்து பேசுகிற மாதிரி பேசுகிறாய் என்கிறாள், செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடக்காதே என்கிறாள். புதுச் செருப்பு, தொளதொளவென்று கிடக்கிறது, தேய்க்காமல் என்ன செய்ய. காதில் எப்போதும் போனை மாட்டிக்கொண்டிருந்தால் அம்மா பேசுவது எங்கே கேட்கும்! மாப்பிள்ளை நல்ல மனுஷன், எப்படித்தான் சமாளிக்கிறாரோ. எங்கே விட்டாள்? ஆமாம், கை. அவருடைய கை.

என்னங்க, நாளைக்கு வேண்டாம் என்று சொல்லலாம். ஏன் என்பார். மனசு சரியில்லை என்று சொல்லலாம். உனக்கு என்றைக்குத்தான் சரியாக இருந்தது என்று சிரிப்பார். என்னங்க, கல் ஒரு ஓரமாகக் குழிந்திருக்கிறது என்று சொன்னால் சிரிக்கமாட்டார். அண்ணன் கதை அவருக்கும் தெரியும். முகம் எப்படிப் போகும் என்று அவளால் பார்க்கமுடிந்தது, கன்னம் உள்ளே போய், மீசை மட்டும் தனியாக நிற்கும். கத்தியை மடக்கிப் பெட்டியில் வைத்துவிட்டு, சரி என்பார், ஒரே வார்த்தை, அதற்கப்புறம் அந்த மனுஷன் என்ன ஆவார்? சலூனுக்குப் போவாரா? பிளேடும் கை பிடித்துத்தானே ஆகவேண்டும். திருப்பூரிலிருந்து மகன் கணபதி மாமன் சீரோடு பஸ் ஏறிவிட்டான். மாப்பிள்ளை வீட்டில் இரண்டு வேன் பேசியிருக்கிறார்கள். அவ்வளவு பேர் முன்னால் இன்னொருத்தர் கத்தியை எடுத்தால், சொர்ணலிங்கத்துக்கு என்னவாம் என்று ஒரு பேச்சுக் கிளம்பும், வேன் ஊர் போய்ச் சேர்வதற்குள் ஆள் படுத்த படுக்கை என்றாக்கிவிடுவார்கள். சொல்லாமலே விட்டால்? டுப்டுப் என்று அடிக்கிற அந்தக் குழி. ஒன்று செய்யலாம், கல்லைக் கோணலாகவே கொடுத்துவிடலாம். கத்தி சாணை ஏறாது, என்னட்டி இது ஓடவே மாட்டேங்குது என்பார், சரி பிளேடு வைத்துச் செய்யுங்கள் என்று நைசாகச் சொல்லிவிடலாம். அடி கூறு கெட்டவளே, மழுங்கின கத்தியை அவர் விட்டுவிடுவாரா, இன்னும் கொஞ்சம் அமுக்கித்தான் பார்ப்பார், அமுக்கினால்தான் ஆபத்தே. கூர்மையான கத்தி தானாக ஓடும். மழுங்கல்தான் வெட்டும். அப்படியென்றால் இந்தக் கல் சரியாக இருக்கவேண்டும். கல்லையாவது சரியாக வைத்துக்கொடுப்போம், கையை சாஸ்தா பார்த்துக்கொள்ளட்டும். இல்லை, சாஸ்தா அணைஞ்சபெருமாள் அத்தானைப் பார்த்துக்கொண்டாரா? கும்பிடாத மனுஷனா அவர்? சொல்லிவிடவேண்டியதுதான். இன்றைக்கே, கல்லைக் கையில் கொடுக்கும்போதே. உங்கள் கை உங்கள் பேச்சைக் கேட்கவில்லை. இதைவிடப் பக்குவமாக ஒரு வார்த்தை கிடைக்காதா என்று தேடித் தேடிப் பார்த்தாள். கிடைத்ததெல்லாம் இதைவிட மோசமாக இருந்தது.

முன்னால் தள்ளு, பின்னால் இழு. பால்போலச் சேறு வழிந்து கண்ணாடி விளிம்பில் சொட்டியது. சாய்த்துப் பார்த்தாள், கோடு அங்கேயே இருந்தது. இவ்வளவு நேரம் தேய்த்தும் போகாத பள்ளமா? பள்ளம் அவ்வளவு ஆழம் என்றால் கண்ணுக்கே தெரியவேண்டுமே. கல்லைக் கண் மட்டத்துக்குத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள், ஒன்றும் தெரியவில்லை. பேப்பர்தான் அந்தப் பக்கம் தேய்ந்திருக்கும். சே, இது தோன்றாமல் போனதே. முன்பெல்லாம் பாதியில் கல்லைத் திருப்பிப் போடுவாள், இடது நுனி வலது கைக்கு வரும், வலது நுனி இடது கைக்குப் போகும், அப்போது எல்லாம் ஒன்றுபோலத் தேயும். தை மாதத்தில் ஒரு நாள் அப்படித் திருப்பும்போது கல் வழுக்கி விழுந்து ஒரு மூலை மூளியானது. சோப்புக் கை என்று சொல்லிச் சமாளித்தாள். அதற்கப்புறம் பயந்துகொண்டு திருப்புவதையே விட்டுவிட்டாள். அந்த மூளி மூலை இப்போது வலது பக்கம், கோடு அழியாத பக்கம். பத்திரமாக, இரண்டு கையாலும் அணைத்துத் திருப்பினாள். மூளி இடது கைக்குப் போனது. புதுப் பேப்பர் ஒன்றை எடுத்து நனைத்து ஒட்டினாள். கல் முகம் முழுக்க மறுபடியும் கோடு கிழித்தாள். பள்ளம் கல்லில் இருந்தால் கோடு மூளியோடு சேர்ந்து இடது பக்கம் நிற்கும். நின்றால் சந்தேகமே இல்லை, அவர் கைதான், சொல்லிவிடவேண்டியதுதான். தேய்த்தாள். சாய்த்துப் பார்த்தாள். மூளிப் பக்கம் கோடு சுத்தமாகப் போயிருந்தது. அப்பாடா என்று வந்த மூச்சு பாதியில் நின்றது. கோடு வலது பக்கம் இருந்தது. இவ்வளவு நேரம் பளிச்சென்று இருந்த நுனி, இப்போது வலது கைக்கு வந்ததும் கோட்டோடு நிற்கிறது. இது எப்படி? கண்ணாடி கோணலா? கண்ணாடியையும் திருப்பினாள். கோடு கிழித்தாள், தேய்த்தாள். வலது பக்கம். கல்லை மறுபடி திருப்பினாள், வலது பக்கம். எதை எப்படிப் போட்டாலும் வலது பக்கம். கல் மாறுகிறது, பேப்பர் மாறுகிறது, கண்ணாடி மாறுகிறது, மாறாதது எது? அவள் தன் வலது கையைப் பார்த்தாள். விரல் நாலும் கல்மேல் இருந்தன. இருந்தன, அவ்வளவுதான், அமுக்கவில்லை. அமுக்கு என்றாள். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை, அப்புறம் ஏதோ தூரத்திலிருந்து கேட்டுவிட்டு வந்ததுபோல விரல்கள் மெல்ல அமுங்கின, அமுங்கி, தாமாகவே விட்டுவிட்டன. அமுக்கு. அமுக்கேன். வெயில் இன்னும் சுவரில் இருந்தது.

எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தாளோ. "என்னட்டி, கல்ல மட்டம் பண்ணச் சொன்னா கரைச்சுக் குடிச்சிருவ போலுக்கே" என்று சொல்லிக்கொண்டு சொர்ணலிங்கம் வந்து நின்றார். கையில் மடக்குக்கத்தி, தோளில் துண்டு. குனிந்து கல்லைப் பார்த்தார். மல்லாந்து கிடந்த கல்லின் ஓரத்தில் கோடு நின்றதைப் பார்த்தார். மீசை தனியாக நின்றது. அப்படியே குத்தவைத்து உட்கார்ந்தார்.

"அண்ணன் கல்லு மாதிரி இருக்கு, என்ன?" என்றார்.

அவள் வாயைத் திறந்தாள்.

"நீ சொல்ல வேண்டாம் ஆவுடை, எனக்கே பயந்தான். அண்ணனுக்கு வந்த நாள்லேருந்து பயந்தான். தெனமும் காலையில கைய நீட்டி நீட்டிப் பாக்கேன். ஆடுத மாதிரியும் இருக்கு, ஆடாத மாதிரியும் இருக்கு. ஒங்கிட்ட எப்படிச் சொல்லன்னு தெரியாம கெடந்தேன்." கத்தியைக் கண்ணாடிமேல் வைத்தார். "அண்ணன் மவன் வருவாம்லா, அவனக் கத்தி வைக்கச் சொல்லுவோம். நீ பிள்ளையப் பிடிச்சுக்கோ. தல ஒங்கையில இருந்தா யாரு கத்தி வச்சாலும் எனக்குப் பயமில்ல."

அவ்வளவுதான். அவள் தேடித் தேடிக் கிடைக்காத வார்த்தையை அவரே சொல்லிவிட்டார். தலையை ஆட்டினால் போதும். கை அவருடையதாகவே இருந்துவிட்டுப் போகட்டும், அவருக்கு வருகிற மாத்திரையும் ஊர்ப் பேச்சும் அவருக்கு, நாளைக்கும் பிள்ளைத் தலை இவள் உள்ளங்கையில், என்ன மந்திரமோ என்பார்கள். அந்த நினைப்பு எவ்வளவு சுகமாக இருந்தது என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது. இவ்வளவு நேரம் மறைக்கிறார், மறைக்கிறார் என்று அந்த மனுஷனை வைதாளே, மறைப்பதற்கு அவளுக்கு அரை நிமிஷம்கூட வேண்டியிருக்கவில்லை. அவர் தன் வலது கையை மடிக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"உங்க கை இல்லைங்க" என்றாள். "என் கை."

அவருக்குப் புரியவில்லை. பென்சிலை எடுத்து அவரிடம் நீட்டினாள். "நீங்களே கோடு போடுங்க. நீங்களே தேய்ங்க." அவர் கோடு கிழித்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவள் விட்ட இடத்தில் உட்கார்ந்து, கல்லைக் கவிழ்த்து, முன்னால் தள்ளிப் பின்னால் இழுத்தார். தேய்க்கத் தேய்க்கச் சேறு இரண்டு பக்கமும் வழிந்தது. நிமிர்த்திப் பார்த்தபோது கல்லில் ஒரு கோடு இல்லை. இந்த ஓரத்திலும் இல்லை, அந்த ஓரத்திலும் இல்லை. அவர் கை நல்ல கை. அதைப் பார்த்து அந்த மனுஷன் சந்தோஷப்பட்டிருக்கவேண்டும். கல்லைக் கீழே வைக்கவும் தெரியாமல், அவளை நிமிர்ந்து பார்க்கவும் முடியாமல், "மறுபடி ஒரு தடவ நீ தேய்ச்சுப் பாரேன்" என்றார், கெஞ்சுகிற குரலில்.

"நாலு தடவைக்கு மேல பாத்துட்டேங்க."

அப்போது பொன்செல்வி மிதுனாவை இடுப்பில் வைத்துக்கொண்டு புறவாசலுக்கு வந்தாள். போன் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இருந்தது. வேன்காரன் என்னமோ கேட்கிறான்போல. பிள்ளை ஆவுடையம்மாவைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு முன்னால் விழுந்தது. "யம்மா, கொஞ்சம் பிடியேன், இவ போனப் பிடுங்குதா" என்று பொன்செல்வி பிள்ளையை நீட்டினாள். பிள்ளை காலை உதறிக்கொண்டு பாட்டி மேலே பாயப் பார்த்தது. ஆவுடையம்மா கையை எடுக்கவில்லை. ஈரச் சேலையில் இரண்டு கையையும் சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"தாத்தாட்ட குடுட்டி" என்றாள்.